பிடிப்பது பாதி, விடுவது மீதி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "வாழ்க்கையில வெற்றி பெறுவது எப்படின்னு பேச ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க தம்பி, நீ வேற ஏதாவது உருப்படியா பேசு" என்றார். அதனால் நான் கையால் செய்த ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லி, "வீட்டில் காலிப்பருக்குப் புது வாழ்வு" என்று தலைப்புக் கொடுத்தேன். அழைப்பிதழில் அதைப் பார்த்துவிட்டு நம் பௌதிகத் துறைப் பேராசிரியர் ஒருவர், "வெர்னியர் காலிப்பர்தானே? லீஸ்ட் கவுண்ட்டாவது ஞாபகம் இருக்காப்பா?" என்று வாசலிலேயே மடக்கிவிட்டார். ஞாபகம் இருக்கு சார். 0.1 மில்லிமீட்டர்.

ஆனால் அது அளக்கிற காலிப்பர். நான் பேச வந்தது காரில் இருக்கிற, பிரேக் பிடிக்கிற காலிப்பர். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சாதிதான். ஒரு பொருளை இரண்டு பக்கமும் கவ்வுவதுதான் இரண்டுக்கும் வேலை. ஒன்று கவ்வி அளவு சொல்கிறது, இன்னொன்று கவ்வி நம் உயிரைக் காப்பாற்றுகிறது.

என்னிடம் இருப்பது 2012-ஆம் வருஷத்து ஹாட்ச்பேக் கார். அலாய் வீல் இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே காலிப்பர் துருப்பிடித்து, பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து மாட்டியது மாதிரி இருக்கும். சிவப்புப் பெயிண்ட் அடித்தால் எடுப்பாக இருக்குமே என்று ஆசை. அதைக் கழற்றாமலே, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, அரை மணி நேரத்தில் அடித்துவிடலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் ஏன் கழற்றினேன், கழற்றியதில் என்ன பார்த்தேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

மூன்று பாடம், ஓர் இரும்புக்கட்டி

முதலில் காலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மெக்கானிக்கல் காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும், கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பிகளும் வந்திருக்கிறார்கள்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு வட்டத் தகடு, அதுதான் டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேடு. பேடுகளைத் தாங்கிக்கொண்டு டிஸ்க்கின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இரும்பு வார்ப்புதான் காலிப்பர். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களில் இதற்கு ஒரே ஒரு பிஸ்டன்தான், அதுவும் உள்பக்கம் மட்டும். அப்படியென்றால் வெளிப்பக்கத்துப் பேடை யார் அமுக்குகிறார்கள்?

இங்கேதான் நாம் முதல் வருஷம் படித்த மூன்று பெரியவர்கள் வருகிறார்கள். முதலாமவர் பாஸ்கல். மூடிய திரவத்தில் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும் என்றார். நாம் காலால் மிதிப்பது பிரேக் ஆயில் வழியாகப் பிஸ்டனுக்கு வருகிறது. பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 19.6 சதுர சென்டிமீட்டர். அவசரமாக மிதிக்கும்போது குழாயில் 50 பார் அழுத்தம் வந்தால், அந்தப் பிஸ்டன் பேடைத் தள்ளும் விசை ஏறக்குறைய ஆயிரம் கிலோ. உள்ளங்கை அளவு இரும்பு, ஒரு டன் தள்ளுகிறது!

இரண்டாமவர் நியூட்டன். பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கில் அமுக்கும்போது, அதற்கு எதிர்விசையாகக் காலிப்பர் முழுவதும் பின்னால் நகர்கிறது. நகரும்போது வெளிப்பேடையும் இழுத்துவந்து டிஸ்க்கில் சேர்த்துவிடுகிறது. இப்படி நகர்வதற்காகவே இரண்டு வழுவழுப்பான கம்பிகள் இருக்கின்றன. ஸ்லைடு பின் என்பார்கள். நம் சுண்டு விரல் கனம்தான் இருக்கும்.

மூன்றாமவரை யாரும் நினைப்பதில்லை. அவர் ஹூக். சுருளைக் கட்டித் தொங்கவிட்டு எடை போட்டு ரெக்கார்டு எழுதினோமே, அவரேதான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது எது? ஸ்பிரிங் ஒன்றும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சதுர வெட்டு உள்ள வளையம். பிஸ்டன் முன்னால் போகும்போது அதைப் பிடித்துக்கொண்டே இந்த ரப்பர் கொஞ்சம் சாய்கிறது. அழுத்தம் போனதும் பழைய நிலைக்கு நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் கூடவே பின்னால் இழுத்துவிடுகிறது. எவ்வளவு தூரம்? ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான். அந்த இடைவெளியில்தான் உங்கள் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறது.

எண்ணெய் ஒழுகாமல் தடுப்பதுதான் அந்த ரப்பரின் வேலை என்று பலரும் நினைக்கிறோம். அது பாதி வேலைதான். பிரேக் பிடிப்பதை ஒரு டன் விசை பார்த்துக்கொள்கிறது. பிரேக்கை விடுவதை அந்த ரப்பர் வளையமும் அந்த இரண்டு கம்பிகளும்தான் பார்த்துக்கொள்கின்றன. பிடிக்காத பிரேக்கைப் பற்றி எல்லோருக்கும் பயம் உண்டு. விடாத பிரேக்கைப் பற்றி யாருக்கும் தெரிவதே இல்லை.

விடாத பிரேக் என்ன செய்யும்?

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 386 கிலோ ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோ ஜூல் போதும். ஆக, ஒருமுறை பிரேக் அடித்து நிறுத்தினால் காபிக்குத் தண்ணீர் கொதித்து மிச்சமும் இருக்கும். அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களில்தான் இறங்குகிறது.

இனி மலைக்கு வாருங்கள். அதே கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் 9.8 மெகா ஜூல். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபத்தைந்து தடவை நிறுத்துவதற்குச் சமம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைப் பாதையில் 40. சின்ன கியரில் இஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தி இறங்கச் சொல்வது இதனால்தான். இந்த நிலையில் ஒரு பக்கக் காலிப்பர் விடாமல் உரசிக்கொண்டே வந்தால், நீங்கள் மிதிக்காத நேரத்திலும் அந்தச் சக்கரம் சூடாகிக்கொண்டே இருக்கும்.

சூடானால் என்ன? பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, கார்களில் ஊற்றும் அந்தத் திரவம் எண்ணெயே இல்லை. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் குணம் அதற்கு உண்டு. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவுகோல் 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். பாஸ்கல் கைவிட்டுவிடுவார். பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். நாலாயிரம் அடி உயரத்தில், எதிரே பஸ் வரும்போது, பெடல் தரைக்குப் போவது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நல்லவேளையாக, விடாத பிரேக் முன்கூட்டியே சமிக்ஞை காட்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரத்துப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் சந்தேகப்படுங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பது, மைலேஜ் குறைவது, ஒரு வீலில் மட்டும் கருப்புத் தூசி அதிகமாகப் படிவது எல்லாம் அந்த வகைதான். என் வண்டியில் இடது முன்சக்கரம் இப்படிச் சூடு காட்டியது. அதனால்தான் டேப் ஒட்டிப் பெயிண்ட் அடிக்காமல், ஸ்பேனரை எடுத்தேன்.

வாசலில் நடந்த அறுவை சிகிச்சை

இதைச் செய்ய நினைக்கும் தம்பிகளுக்கு முதல் விதி: காலிப்பருக்கு முன்னால் உங்கள் உயிர். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. தாங்குவதற்கு ஸ்டாண்டு இருக்கிறது. அது இல்லாவிட்டால் வேலையே ஆரம்பிக்க வேண்டாம். கழற்றிய வீலையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். எங்கேயாவது சரிந்தால் வீல் வாங்கிக்கொள்ளும், நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒரு பக்கம். மறுபக்கம் அப்படியே இருந்தால் அதுதான் உங்கள் வரைபடம். எந்த கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் ஊதாதீர்கள். பழைய பேடுகளில் கல்நார் கலந்திருந்தது. உங்கள் பேடில் என்ன கலவை என்று பெட்டி இல்லாமல் சொல்ல முடியாது. நனைத்துத் துடையுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பின் போல்ட் இரண்டையும் எடுத்தால் காலிப்பர் வந்துவிடும். அதை ரப்பர் ஹோஸிலேயே தொங்க விடக்கூடாது. ஒரு கட்டுக்கம்பி போட்டு மேலே கட்டிவிடுங்கள். பேடு இரண்டையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். இங்கேதான் காலிப்பர் தன் கதையைச் சொல்லும். என் வண்டியில் வெளிப்பேடு பாதி மிச்சம், உள்பேடு தகட்டை நெருங்கியிருந்தது. நியூட்டன் சொன்னபடி காலிப்பர் நகரவில்லை என்று அர்த்தம். பின்னைத் திருகிப் பார்த்தால், ஒன்று வெண்ணெயில் கத்தி போல வருகிறது, இன்னொன்று அசையவில்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய், உள்ளேயே துருப்பிடித்து நின்றுவிட்டது.

அடுத்து பிஸ்டன். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே, பேடு இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டை வைத்து, பெடலை மெதுவாக மிதித்தால் பிஸ்டன் தானே முன்னால் வரும். முக்கால்வாசி வந்ததும் நிறுத்திவிட்டு, ஹோஸைக் கழற்றி, அடியில் தட்டு வைத்து, கையால் இழுத்துக்கொள்ளலாம். கம்ப்ரெசர் காற்றடித்து எடுப்பவர்களும் உண்டு. பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். முன்னால் விரல் இருந்தால் விரல் போச்சு. வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை எடுக்க ஸ்க்ரூ டிரைவரை விடாதீர்கள். சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வார்ப்பே வீண். மூங்கில் குச்சியைக் கூராக்கி நெம்பினால் போதும். வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தைத் துணி சுற்றிய குச்சியால் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பள்ளத்தில் துருவும் கசடும் சேர்ந்தால் ரப்பர் சாயவும் முடியாது, நிமிரவும் முடியாது. ஹூக் வேலை செய்யமாட்டார்.

இன்னொன்று, இது மிக முக்கியம். கழுவுவதற்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், சாதாரண கிரீஸ் எதுவும் இந்த ரப்பர் பக்கம் வரக்கூடாது. இந்த ரப்பர் ஈபிடிஎம் வகை. கிளைக்கால் திரவத்தோடு சமாதானமாக இருக்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். உப்பிய ரப்பர் பிஸ்டனை விடாது. பிரேக் கிளீனர் அல்லது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அவ்வளவுதான்.

இப்போது நான் ஒரு பொருளை முதல் வரிசையிலிருந்து கொடுத்தனுப்புகிறேன். என் வண்டியிலிருந்து எடுத்த பிஸ்டன். பளபளவென்று இருக்கிறதா? குரோம் முலாம். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். அம்மைத் தழும்பு மாதிரி நாலைந்து புள்ளி நகத்தில் மாட்டும். ரப்பர் வளையம் உரசிப் போய்வரும் இடம் அது.

இந்தப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருமுனை பிரேக் மெக்கானிக்கிடம் போனேன். கோயம்புத்தூர்க்காரர், முப்பது வருஷத்துக்கு மேல் இதே தொழில். "அண்ணே, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மறுபடியும் போடலாமா?" என்று கேட்டேன். அவர் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இது நீங்க ஓட்டறதுக்குங்களா, விக்கறதுக்குங்களா?"

"ஓட்டறதுக்குத்தாண்ணே."

"அப்பப் புதுசு போட்ருங்க. விக்கற வண்டின்னா மேல பெயிண்ட் மட்டும் அடிச்சுட்டுப் போயிருவாங்க. அதுக்கு உங்களுக்கு நானும் வேண்டாமுங்க, பிஸ்டனும் வேண்டாமுங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நடக்கிறதைச் சொன்னார். அன்றிலிருந்து, விற்பனைக்கு நிற்கும் பழைய காரில் காலிப்பர் மட்டும் புத்தம் புதுச் சிவப்பாக இருந்தால், நான் முதலில் பேடைத்தான் குனிந்து பார்க்கிறேன்.

புள்ளி விழுந்த பிஸ்டனைத் தேய்த்துப் போட்டால் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். முலாம் போன இடத்தில் இரும்பு ஈரத்தைத் தொடும், மறுபடி துரு, மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆகவே புதுப் பிஸ்டன், புது வளையம், புதுத் தூசி உறை, புதுப் பின், பின்னுக்குப் புது உறை எல்லாம் வாங்கினேன். சிலிண்டர் சுவர் நன்றாக இருந்தது. அதிலும் குழி இருந்திருந்தால் முழுக் காலிப்பரையே மாற்ற வேண்டியதுதான். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

வெறும் இரும்பைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று நினைக்கலாம். இந்த டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது 1902-இல். 1953-இல் பிரான்ஸ் நாட்டு லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955-இல் சிட்ரோன் டிஎஸ் காரில் சாதாரண மக்களுக்கு வந்தது. ஐம்பது வருஷம் காத்திருந்த சரக்கு இது. நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது 1962-இல். பிரேக் தொழிலில் வேலை பார்க்கும் நம் மாணவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பார்கள், நான் ஏதாவது பிசகாகச் சொன்னால் இடைவேளையில் பிடித்துக்கொள்வார்கள்!

கடைசியாகப் பெயிண்ட்

இப்போது நீங்கள் எதிர்பார்த்த கட்டம். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, ஆல்கஹாலால் துடைத்து, பிறகு வெறுங்கையால் தொடாமல் வைக்க வேண்டும். கை எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது. வீட்டுக் கேட்டுக்கு அடிக்கும் எனாமல் இங்கே உதவாது, சூட்டில் நிறம் மாறி உரியும். காலிப்பருக்கென்றே வெப்பம் தாங்கும் பெயிண்ட் கிடைக்கிறது. மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றும் காய இடைவெளி. மழை நாளில் வேண்டாம், ஈரக்காற்றில் மங்கல் தட்டும்.

எங்கே அடிப்பது என்பதைவிட எங்கே அடிக்கக்கூடாது என்பதுதான் வித்தை. சிலிண்டருக்குள், வளையப் பள்ளத்தில், பின் போகும் துளையில் துளிகூடப் படக்கூடாது. பேடு வழுக்கிப் போய்வரும் தாங்கியின் முகத்தில் படக்கூடாது. அங்கே பெயிண்ட் ஏறினால் பேடு இறுகிவிடும், மறுபடியும் விடாத பிரேக். தாங்கி வண்டியோடு உட்காரும் முகத்திலும் போல்ட் தலை உட்காரும் இடத்திலும் கூடாது. போல்ட் இறுக்கத்தைப் பெயிண்ட் படலம் தாங்காது, நசுங்கிப் போல்ட் தளர்ந்துவிடும். ஹோஸ் வந்து சேரும் முகம், ஏர் எடுக்கும் நிப்பிள், எல்லாவற்றுக்கும் டேப். டிஸ்க்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. போர்ஷே காரில் மஞ்சள் காலிப்பரைப் பார்த்தால் அதில் செராமிக் டிஸ்க் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே நிறம் உள்ளே இருப்பதைச் சொல்கிறது. என் சிவப்பு என்ன சொல்லும்? அது அடிக்கும் முன்னால் வண்டி எத்தனை அடியில் நின்றதோ, அடித்த பிறகும் அத்தனை அடியில்தான் நிற்கும். ஓர் அங்குலம் குறையாது.

சேர்ப்பதும் சோதிப்பதும்

திரும்பச் சேர்க்கும்போது புது வளையத்துக்குப் புது பிரேக் ஆயில் தடவி, பிஸ்டனை நேராக வைத்துக் கையால் அமுக்கினால் போய்விட வேண்டும். அடம்பிடித்தால் அடிக்கக்கூடாது, கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். ஸ்லைடு பின்னுக்கு அதற்கான சிலிக்கோன் கிரீஸ். சில வண்டிகளில் மேல் பின்னும் கீழ் பின்னும் வேறு வேறு, மாற்றிவிடாதீர்கள். ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. இறுக்கும் அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்ச் கொண்டு அந்த அளவுக்கே இறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

இடது காலிப்பர், வலது காலிப்பர் மாறிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? மாட்டிவிடலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே நிற்கும். எத்தனை லிட்டர் ஊற்றி ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சுதான். நிப்பிள் எப்போதும் மேலே.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் நிப்பிள் பக்கம், என் மனைவி பெடல் பக்கம். "அமுக்கு!" "அமுக்கிட்டேன்." "விடாதே, பிடி!" "பிடிச்சிருக்கேன்." "இப்போ விடு!" மாடி வீட்டு மாமா எட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் ஏதோ சண்டை போடுகிறோம் என்று உள்ளே போய்விட்டார். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும், இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மேலே தொட்டியில் ஆயில் குறையவே விடக்கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்த யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாமல் போகலாம்.

இதில் ஒரு வேடிக்கை. கிளைக்கால் திரவம் அருமையான பெயிண்ட் ரிமூவர். மூன்று கோட் அடித்த சிவப்பின் மேல் ஒரு சொட்டு விழுந்து ஊறினால் தோல் உரியும். பக்கத்திலேயே தண்ணீர் வாளி வைத்துக்கொண்டு, சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும். உள்ளே பிரேக்குக்கு உயிராக இருப்பது வெளியே அழகுக்கு எமன்!

வண்டியை ஸ்டார்ட் செய்து கிளம்பும் முன் பெடலைப் பத்துத் தடவையாவது மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் இருப்பதால் முதல் மிதி தரைக்குத்தான் போகும். அந்த முதல் மிதி வாசலில் போகட்டும், ரோட்டில் போகக்கூடாது. என் மனைவி அன்றைக்குச் சொன்னது: "முதல்ல நீங்க மட்டும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. மெக்கானிக் அண்ணனும் பாத்துச் சரின்னு சொல்லட்டும். அப்புறம்தான் பாப்பா ஏறுவா." எந்தத் தர நிர்ணயச் சான்றிதழும் இதைவிடக் கறாராக இருக்க முடியாது. காலித் தெருவில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஒழுகல் பார்த்து, சக்கரச் சூடு பார்த்து, மெக்கானிக் அண்ணனும் ஜாக்கி போட்டு வீலைச் சுற்றிப் பார்த்தார். "விட்டுச் சுத்துதுங்க தம்பி" என்றார். பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த பிஸ்டனைப் பல வண்டிகளில் திருகித்தான் உள்ளே தள்ள முடியும், நேராக அமுக்கினால் உடைந்துபோகும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் அதற்குத் தனிச் சர்வீஸ் முறை. ஹோஸ் வெடித்திருந்தால், சிலிண்டரில் குழி இருந்தால், மேனுவல் கையில் இல்லாவிட்டால், அங்கே நிறுத்திக்கொள்வதுதான் இஞ்சினியரிங். மற்ற வேலைகளில் ஏறக்குறைய சரி என்பது போதும். மியூசிக் சிஸ்டம் ஏறக்குறைய சரியாக இருந்தால் பாட்டு கரகரக்கும். பிரேக் ஏறக்குறைய சரியாக இருந்தால், அதன் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் ரோட்டைக் கடக்கும் யாரோ ஒருவர்.

மாணவச் செல்வங்களே, ஃபிட்டிங் ஷாப்பில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி, "இதை வச்சு என்னடா பண்ணப் போறோம்" என்று நாங்களும் அலுத்துக்கொண்டவர்கள்தான். பாஸ்கல், நியூட்டன், ஹூக் மூவரையும் தனித்தனித் தாளில் எழுதிப் பாஸ் செய்தோம். மூன்று பேரும் ஒரே இரும்புக்கட்டிக்குள் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கையில் கிரீஸோடு பார்த்த அன்றுதான், படித்தது எனக்குச் சொந்தமானது. உங்களுக்கு அதற்குப் பதினைந்து வருஷம் ஆக வேண்டியதில்லை. அதனால் அந்தப் பழைய பிஸ்டன், நின்றுபோன பின், ஒருபக்கம் தேய்ந்த பேடு, எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பட்டறைக் கண்காணிப்பாளர் ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பெயிண்ட் அடிக்கவில்லை, வேண்டுமென்றேதான். நகத்தால் தடவிப் பார்த்தால்தான் அது பாடம் சொல்லும்.

பேச்சுக்கும் பிரேக் உண்டு என்பதைச் செயலாளர் கடிகாரத்தைக் காட்டி நினைவூட்டுகிறார்.